படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஓர் ஆண்டு

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் முடித்தாள். கல்லூரி வளாகத் தேர்வில் கிடைத்த வேலை தன் படிப்புக்குச் சம்பந்தமில்லாதது என்று மறுத்துவிட்டு, யோசிக்க ஓராண்டு அவகாசம் கேட்கிறாள். கல்விக்கடன் வேறு இருக்கிறது. உறவினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சம்மதிக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், பெரம்பூர்

பதில்: சகோதரி, தாராளமாகச் சம்மதிக்கலாம், ஆனால் அதற்கு முன் கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் தவணை கட்டத் தேவையில்லை என்பதே வங்கிகளின் கல்விக்கடனில் பொதுவான வழக்கம் என்றாலும், அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் மகள் கேட்கும் அவகாசம் முடிவதும் முதல் தவணை தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வரும். இந்தக் கணக்கை அவளிடம் மறைக்காமல், உடன் உட்கார்ந்து பேசுங்கள். வட்டியையாவது மாதந்தோறும் கட்ட முடிந்தால் பிற்காலச் சுமை குறையும்.

புதியவர்களைச் சேர்க்கும் நிறுவனங்கள் பலவும் தேர்ச்சி பெற்ற ஆண்டை வரையறுத்தே விண்ணப்பம் கேட்பதால், ஆண்டு முழுவதையும் யோசனையிலேயே கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். தன் துறையில்தான் வேலை வேண்டும் என்பவளுக்கு, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கு அளிக்கப்படும் ஓராண்டுப் பயிற்சி மிகவும் பொருத்தமானது. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் நம் தரமணியிலேயே இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் தொழிற்சாலைகளும் உதவித்தொகை தந்து பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனாலும், எந்த வேலை தனக்கு ஒத்துவரும் என்பதை வீட்டு அறையில் இருந்து யோசிப்பதைவிடத் தொழிற்கூடத்தில் நின்று அவள் விரைவாகக் கண்டுகொள்வாள். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை என்பதால், இதற்கு உரிய காலமும் இப்போதுதான்.

போட்டித் தேர்வு எழுத நினைத்தால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு.

உறவினர்களுக்கு "பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள்" என்ற ஒரு வரி போதும். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: மகள் வீட்டில் இருக்கிறாளே என்று இந்த இடைவெளியில் வரன் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். அவள் உங்களிடம் கேட்டது வேலையைப் பற்றித் தீர்மானிப்பதற்கான அவகாசம். அந்த ஆண்டு முடியும்வரை திருமணப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.