ஸ்டாண்ட்பையில் இரண்டு முறை இடம் கிடைக்காதவருக்கு

கேபின் குழுவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பணித்தளம் வேறு ஊர் என்பதால் வேலைக்கே விமானத்தில் போக வேண்டும், ஸ்டாண்ட்பையில், அதாவது இருக்கை மிஞ்சினால் மட்டும் ஊழியர்களை ஏற்றிக்கொள்ளும் முறையில், இடம் கிடைக்காமல் இரண்டு முறை டியூட்டி தவறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் நாலு வருடம் இப்படித்தான் போய் வந்தேன்.

திரையில் பத்து இருக்கை காலி என்று காட்டுவதை நம்பிக் கிளம்பாதீர்கள். முந்தைய விமானம் ரத்தானால் அந்தப் பயணிகள் இதில் வந்து ஏறுவார்கள். வானிலை மோசமாகிக் கூடுதல் எரிபொருள் ஏற்றினால், இருக்கை காலியாக இருந்தும் எடைக் கட்டுப்பாட்டால் நம்மை விட்டுவிட்டுப் போக நேரிடும். அதனால் கடைசி விமானத்தை நம்பவே நம்பாதீர்கள். நீங்கள் குறிவைக்கும் விமானத்துக்குப் பின்னால் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி இன்னொன்றாவது இருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து பறந்து வரும் ஊழியர், இடம் கிடைக்காமல் டியூட்டி தவறினால் தண்டனையிலிருந்து காக்கும் விதிக்குக் கம்யூட்டர் விதி என்று பெயர். அமெரிக்காவில் பல நிறுவனங்களின் கம்யூட்டர் விதியே இப்படி மாற்று விமானம் வைத்திருந்தவர்களைத்தான் காப்பாற்றுகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், ஜம்ப்சீட், அதாவது விமானப் பணியாளர்களுக்கென்று இருக்கும் மடக்கு இருக்கை. விமானி அறையில் இருப்பது பெரும்பாலும் விமானிகளுக்குத்தான், அதற்கும் கேப்டன் சம்மதிக்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது கேபின் ஜம்ப்சீட். விமானம் நிரம்பியிருந்தாலும் அது காலியாக இருக்கலாம். கேட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காலை டியூட்டி என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். பணித்தளத்தில் சக ஊழியர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் கிராஷ்பேடில் ஒரு படுக்கை பிடியுங்கள். செலவுதான். ஆனால் தகுதிகாண் காலம் முடியும்வரை அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.