பூங்காவுக்குள் பாழடைந்த பழைய பங்களா: விற்றுத்தான் காப்பாற்ற வேண்டுமா?

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், ராமநாதபுரம் கடலோர ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

மண்டபம் பக்கம்: எங்க ஊர்ப் பூங்காவுக்குள்ள ஒரு பழைய பங்களா ஓடு சரிஞ்சு கிடக்கு. பராமரிக்கப் பணமில்ல, வித்துடலாம்னு பேச்சு. வாங்குறவர் புதுப்பிச்சா நல்லதுதானே அண்ணே?

பங்களா பிழைச்சுக்கும் தம்பி, பூங்கா பிழைக்குமா? வாங்கினவருக்கு வண்டி போக வழி வேணும், செப்டிக் டேங்க் வேணும், அப்புறம் காம்பவுண்டுச் சுவர். எல்லாத்துக்கும் இடம் பூங்காவுலதான் போகும். பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. மருத்துவமனைக்கே அப்படின்னா தனியார் பங்களாவுக்கு என்ன சொல்வாங்க?

நான் சொல்றது குத்தகை. அதுவும் முதல் நாளே எழுதிக் கொடுக்கிற குத்தகை இல்ல. உள்ளே போய் வேலை பார்க்க அனுமதி மட்டும் முதல்ல. கூரை, சுவர், மரவேலை எல்லாம் ஒத்துக்கிட்டபடி முடிஞ்ச பிறகுதான் நீண்ட காலப் பத்திரம். முதல்லயே எழுதிக் கொடுத்தா, பத்திரத்தை வங்கியில் வச்சுக் கடன் வாங்கிட்டுக் கட்டடத்தை மழையில் விட்டுடுவாங்க. இடிஞ்சு விழுந்தா அவங்களுக்கு லாபம்தான், வெறும் மனை கையில இருக்கும்! தரங்கம்பாடியில் பழைய கலெக்டர் பங்களா இப்போ தங்கும் விடுதி. பழைய கட்டடத்துக்குப் பிழைப்பு வேணும்ங்கிறதை நான் மறுக்கல.

தேவிபட்டினம்: இடம் யாருடையதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (நிலம் யார் பேரில், என்ன வகைன்னு காட்டுற பதிவேடு) புலப்படமும் (நில அளவைப் படம்) பாருங்க. புறம்போக்குன்னு இருந்தா பேரம் பேசவே வேண்டாம். கோயில் இடம்னா அறநிலையத்துறை ஆணையர் அனுமதி வேணும். வக்பு சொத்துன்னா விற்கவே முடியாது.

கீழக்கரை: சுவரில் சிமெண்ட் பூசினோம் சார், ரெண்டு மழைக்குள்ள பாளம் பாளமா உதிருது. ஏன்?

நம்ம பக்கத்துப் பழைய சுவர் பலதும் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். அது ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே சிக்கிக்கும். கடல் காத்துல வர்ற உப்பும், அடியிலிருந்து ஏறுற உப்பும் பூச்சுக்குப் பின்னாடி படிகமாகி, தள்ளி உதிர்க்கும். அடுத்து கல்லே மாவாகும். விரலால் தேய்ச்சுப் பாருங்க, வெள்ளைப் பொடி ஒட்டும். நாக்குல வச்சா உப்பு.

சிமெண்டை மெதுவாகத் தட்டி எடுங்க, பிரேக்கர் மெஷின் வேண்டாம். சுவர் காயட்டும், அவசரப்படக்கூடாது. பிறகு நல்லா ஊறின சுண்ணாம்பும் உப்பில்லாத ஆத்து மணலும். கடல் மணலை அள்ளிப் போட்டா உப்பை நாமே உள்ளே வைக்கிறோம். கடுக்காய், கருப்பட்டித் தண்ணி சேர்க்கிறது பழைய கொத்தனார் கைப்பக்குவம். அளவைச் சின்ன இடத்துல போட்டுப் பார்த்துட்டுச் செய்யுங்க. கல் பத்தலைன்னு கடல்ல கை வைக்காதீங்க. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, புலிக்கு உள்ள பாதுகாப்பு. அதே கட்டடத்தில் இடிஞ்சு கிடக்கிற கல்லைப் பொறுக்கிப் பயன்படுத்துங்க.

ஏர்வாடி: கடலோரத்துல செப்பனிடவே விட மாட்டாங்களாமே?

அனுமதி பெற்ற பழைய கட்டடத்தைச் செப்பனிட வழி இருக்கு. தளப்பரப்பைக் கூட்டக்கூடாது. மாடி எழுப்பத்தான் பலரும் ஆசைப்படுறாங்க, தகராறு அங்கேதான்.

பாம்பன்: தம்பி இங்கிலாந்துல லெஸ்டரில் இருக்கான். அங்க நகராட்சி, பூங்காவுக்குள்ள இருக்கிற பழைய காவலர் வீட்டை ஏலம் விடுதாம். பாரம்பரியப் பட்டியல்ல உள்ளது. வாங்கலாமா? அவன் அக்கா நான் கேக்குறேன்.

அக்கா, அங்கே பட்டியலில் உள்ள கட்டடத்தில் ஜன்னல் மாத்தக்கூட அனுமதி வேணும். மீறினா குற்ற வழக்கு. முன்னாடி இருந்தவர் அனுமதியில்லாமல் செய்த கட்டட வேலைக்கும் இப்போ வாங்குறவர்தான் பதில் சொல்லணும். இன்னொண்ணு முக்கியம்: பொதுப் பூங்கா நிலத்தை விற்கும்முன் உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்து ரெண்டு வாரம் விளம்பரம் போடணும். அங்கே ஷ்ரூஸ்பரிங்கிற ஊரில் அதைப் போடாமல் 2017-இல் விற்ற நிலத்தில் வீடு கட்டக் கொடுத்த அனுமதியை 2023-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மக்களுக்கு அந்த இடத்தின் மேல் உள்ள உரிமை, விற்ற பிறகும் போகலைன்னு தீர்ப்பு. அந்த விளம்பர நகலைக் கையில் வாங்காமல் ஏலத்தில் கை தூக்க வேண்டாம்னு சொல்லுங்க.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி பழைய தேவாலயத்தை யாராவது வாங்கிக் கட்டலாமா?

1964 புயலுக்குத் தப்பி நிக்கிற சுவர் அது. கட்ட வேண்டாம். சுற்றுலா வர்றவங்க கல்லில் பேர் செதுக்காம இருந்தாலே போதும்.