வாசகர் கேள்வி: ஆடியவரெல்லாம் பயிற்றுவிக்க முடியுமா?

கேள்வி: எங்கள் கைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர் தேடுகிறோம். இந்திய அணிக்கு ஆடியவர் கிடைத்தால் அதுவே போதும் என்கிறார்கள் இளைஞர்கள். முறையாகப் படித்தவர்தான் வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். தங்கள் கருத்து என்ன?
(வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: பெரியவர்கள் பக்கமே சாய்கிறேன், சான்றிதழ்த் தாளுக்காக அன்று. தமிழகத்தின் ஜி.இ. ஸ்ரீதரன் ஆட்டக்காரராக 1982-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும், பயிற்சியாளராக 2007-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியா விருதையும் பெற்றவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 25 ஆண்டுகளில் ஆட்டமே வேறாகிவிட்டது. முன்பு சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி, 15 புள்ளிக்கு ஒரு செட். 1990-களின் இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு எவர் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டு, 25 புள்ளிக்கு ஒரு செட். அன்று சர்வீஸ் வலையைத் தாண்டாவிட்டால் சர்வீஸ் வாய்ப்புதான் எதிரணிக்குப் போகும், இன்று புள்ளியே போய்விடும் என்பதால், துணிந்து அடிக்கச் சொல்வதா, அடக்கி வைப்பதா என்பதைப் பயிற்சியாளர் புதிதாகக் கணக்கிட வேண்டியதாயிற்று. தாம் ஆடிய ஆட்டத்தை நினைவிலிருந்து சொல்லிக்கொடுத்தவர்கள் அப்போதே பின்தங்கினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நன்றாக ஸ்மாஷ் அடிப்பவருக்கு, எந்த அடியில் வேகம் கூட்டி எந்த நொடியில் எழும்புகிறோம் என்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியுமே தவிர, வாய்க்கு வராது. அதைப் பிரித்துக் காட்டுவது தனிப் படிப்பு. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் அதைத்தான் கற்பிக்கிறது. தங்கள் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும்: கடற்கரை மணலில் எழும்பிப் பழகிய பிள்ளைகள் மரத்தளத்தில் ஆடும்போது எழும்பும் நேரம் தவறுகிறது, ஒற்றைக் காலில் இறங்கினால் முழங்காலும் கெடுகிறது. ஆகவே, வருபவரின் பதக்கங்களைப் பார்ப்பதற்கு முன், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை பயிற்சி கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஒலிம்பிக்கில் ஆடியும் பயிற்றுவித்தும் தங்கம் வென்றவர்கள் உண்டா?
(வாசகி, உப்பளம், புதுச்சேரி)

பதில்: உண்டு. சீனத்தின் லாங் பிங் 1984-இல் ஆட்டக்காரராகவும் 2016-இல் பயிற்சியாளராகவும் தங்கம் வென்றார். கைப்பந்தில் இதை முதலில் செய்தவர் அவரே. நடுவில் 2008-இல் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியளித்து, பெய்ஜிங்கில் தம் சொந்த நாட்டு அணியையே தோற்கடித்து வெள்ளி வரை கொண்டுபோனார் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அமெரிக்கரான கார்ச் கிராலி 1984, 1988 ஆண்டுகளில் உள்ளரங்கிலும் 1996-இல் கடற்கரைக் கைப்பந்திலும் தங்கம் வென்று, டோக்கியோவில் பெண்கள் அணியின் பயிற்சியாளராக மீண்டும் வென்றார்.

கேள்வி: என் மகள் உயரம் குறைவு. கைப்பந்தில் எதிர்காலம் உண்டா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: லிபரோவாக, அதாவது எதிரணியின் பந்தை எடுத்துக் காப்பதற்கென்றே உள்ள ஆட்டக்காரராகப் பழக்குங்கள். 1998-இல் விதிகளில் சேர்ந்த இந்த இடத்துக்கு உயரம் தேவையில்லை. பின்வரிசையில் மட்டுமே நிற்பவர் இவர்; பிளாக் செய்யவும் (எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே எழும்பித் தடுக்கவும்) வலைக்கு மேலிருக்கும் பந்தை அடித்து அனுப்பவும் அனுமதி கிடையாது. எதிராளியின் தோளைப் பார்த்தே பந்து வரும் திசையைக் கணிக்கும் கண்தான் வேண்டும். அந்தக் கண் உள்ளவர்கள் பிற்காலத்தில் பயிற்சியாளராகவும் தேறுவார்கள் என்பது என் கணிப்பு.