தொட்டாற்சிணுங்கிக்குக் கூச்சமா?

கேள்வி: எங்கள் வேலியோரம் தொட்டாற்சிணுங்கி மண்டிக் கிடக்கிறது. நரம்பும் தசையும் இல்லாத செடி தொட்டவுடன் எப்படி மடங்குகிறது என்று மகள் கேட்கிறாள். கூச்சம் என்று சமாளித்தேன், விடமாட்டேன் என்கிறாள். (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கூச்சமெல்லாம் இல்லை, தண்ணீர்தான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், சின்ன முழங்கை மாதிரி உப்பலாக இருக்கும். அதற்கு அதைப்பு என்று பெயர். அதன் அடிப்பக்கச் செல்கள் தண்ணீர் நிரம்பி விறைத்திருக்கும் வரை காம்பு நிமிர்ந்திருக்கும். தண்ணீர் வெளியேறினால் காற்று இறங்கிய சைக்கிள் டியூப் போலத் தொய்ந்துவிடும்.

சரி, தண்ணீரைத் திறந்துவிடுவது யார்? செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் கால்வாய்ப் புரதங்கள், அதாவது திறந்து மூடும் சின்ன வாசல்கள். தொட்டதும் கால்சியம் உள்ளே வருகிறது, குளோரைடு வெளியே ஓடுகிறது, அதில் சவ்வின் மின்னழுத்தம் மாறி பொட்டாசியக் கால்வாய்களும் திறந்துகொள்ள, உப்புகள் போன பக்கமே தண்ணீரும் போய்விடுகிறது. ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிறதே, அதே சமாச்சாரம்தான். தண்ணீர் போக அக்வாபோரின் என்று தனிக் கால்வாயே உண்டு. மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும், ஆனாலும் ஒரு கால்வாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி போய்விடும்! இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கும், பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தைக் காட்டிய ராடரிக் மெக்கின்னனுக்கும் 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. (ஆக்ரே அதை முதலில் பார்த்தது மனித ரத்தத்தின் சிவப்பணுவில், செடியில் இல்லை.)

ஒரு இலையைத் தொட்டால் பக்கத்து இலைகளும் வரிசையாக மடங்குவது மின் துடிப்பு பரவுவதால். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் கருவி வைத்து அளந்தார். நம் நரம்பில் ஓடுவதும் இந்த மாதிரித் துடிப்புதான், என்ன, அது பல மடங்கு வேகம். மறுபடி நிமிர்வதுதான் செடிக்குச் செலவு. புரோட்டான் பம்புகள் (ஹைட்ரஜன் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளும் சவ்வுப் புரதங்கள்) ஆற்றலைச் செலவழித்து இயங்கினால்தான் பொட்டாசியம் திரும்ப உள்ளே ஏறும், அதற்குப் பத்து இருபது நிமிஷம் ஆகும். அதனால் செடியைச் சும்மா சும்மா சீண்ட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள் (நானும் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு செடி விடாமல் சீண்டியவன்தான்). சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலை மடக்குவதும் இதே வேலைதான், நிதானமாக நடக்கிறது.

அவள் அப்புறமும் விடவில்லை என்றால் இதைச் சொல்லுங்கள்: 1870-களில் பிரான்சில் கிளாட் பெர்னார் என்பவர் தொட்டாற்சிணுங்கியை ஈதர் (அந்தக் கால மயக்க மருந்து) ஆவியில் வைத்தார், தொட்டாலும் அது மடங்கவில்லை, ஆவி நீங்கியதும் பழையபடி மடங்கியது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், ஈதர் சட்டென்று தீப்பற்றும்.