கெஸ்ட் உறைந்து தானே எழுந்தால்: விசிபியு ஷெட்யூலரைச் சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஹைப்பர்வைசரில் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) விசிபியுவின் (மெய்நிகர் சிபியு) நிலை பல பூலியன் ஃபிளாக்குகளில் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே எனமாக்கி (enum, ஒரு நேரத்தில் ஒரே நிலையைக் காட்டும் வகை), தேவையற்றவையாகத் தெரிந்த மெமரி பேரியர்களையும் (நினைவகத்தில் எழுதும், படிக்கும் வரிசையைக் காக்கும் கட்டளைகள்) எடுத்துவிட்டோம். இப்போது எப்போதாவது ஒரு கெஸ்ட் (மெய்நிகர் கணினி) உறைந்துவிடுகிறது. நெட்வொர்க் பாக்கெட் வந்தால் தானே எழுகிறது. எங்கே தவறு?

பதில்: அடுத்த இன்டரப்ட்டில் (பாக்கெட் வந்தது போன்ற நிகழ்வைச் சிபியுவுக்குச் சொல்லும் சமிக்ஞை) எழுகிறது என்றால், முந்தைய வேக்-அப் ஒன்று தொலைந்திருக்கிறது. எடுத்த பேரியர்களை முதலில் பாருங்கள்.

தூங்கப்போகும் விசிபியு 'பிளாக்ட்' என்று எழுதிய பிறகுதான் நிலுவை இன்டரப்ட் உண்டா என்று பார்க்க வேண்டும். எழுப்பும் பக்கம் நிலுவையைக் குறித்த பிறகுதான் 'பிளாக்ட்'டைப் படிக்க வேண்டும். இரு பக்கமும் எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவே முழு பேரியர் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயனில்லை. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிபியுக்களில் வரிசை பிசகாது என்று நம்பித்தான் பெரும்பாலும் இதை நீக்குகிறார்கள். ஆனால் அங்கேயும் ஸ்டோர் பஃபரில் காத்திருக்கும் ஸ்டோரை (எழுதுவதை), வேறு முகவரிக்கான லோட் (படிப்பது) முந்திவிடும். இரு பக்கமும் பழைய மதிப்பைப் படிக்கும். விசிபியு தூங்கிவிடும், எழுப்ப ஆள் இருக்காது.

அடுத்தது எனம். இயங்கத் தகுதி உண்டா என்பது ஒன்று, ரெஜிஸ்டர்கள் இன்னும் ஏதோ ஒரு பிசிக்கல் சிபியுவில் இருக்கின்றனவா என்பது வேறு. பிளாக் ஆன விசிபியுவின் கான்டெக்ஸ்ட் சேமித்து முடியும் முன்பே வேக் வரலாம். அதனால் 'சிபியுவில் இருக்கிறது' என்ற ஃபிளாக்கைத் தனியே வையுங்கள். எஃப்பியு (தசம எண் கணக்குப் பகுதி) உட்பட எல்லாம் சேமித்த பின் ரிலீஸ் ஸ்டோரால் (முன் எழுதியவை இதற்கு முன்பே தெரியும்படி செய்யும் ஸ்டோர்) அதை அழியுங்கள். எடுத்து ஓட்டும் சிபியு அக்வயர் லோடால் (பின்வருபவை இதை முந்தாதபடி செய்யும் லோட்) படிக்கட்டும். இதை எனத்துக்குள் திணித்தால் பாதி சேமித்த ரெஜிஸ்டர்களோடு கெஸ்ட் வேறு சிபியுவில் ஓடும். அந்தப் பிழை உறைவதை விடக் கொடியது, தரவைச் சத்தமின்றிக் கெடுக்கும்.

ரன்கியூவுக்கு (ஓடக் காத்திருக்கும் விசிபியுக்களின் வரிசை) ஒரு லாக் இருந்தால், லாக்கைப் பிடித்ததும் விசிபியு இன்னும் அதே ரன்கியூவில்தானா என்று மறுபடி பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு மீண்டும் முயலுங்கள். ஜென் ஹைப்பர்வைசர் இப்படித்தான் செய்கிறது. இரண்டு லாக் தேவைப்பட்டால் எப்போதும் ஒரே வரிசையில் பிடியுங்கள். லினக்ஸின் கேவிஎம் போல விசிபியு ஹோஸ்ட்டின் த்ரெட்டாக ஓடினால் இந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம்.

பெயர் மாற்றம், இட மாற்றம் ஒரு கமிட். லாக், பேரியர் மாற்றம் தனிக் கமிட். கலந்துவிட்டால் பைசெக்ட் (பிழையைக் கொண்டுவந்த கமிட்டைப் பாதிபாதியாகத் தேடுவது) உதவாது.

சோதனைக்கு 2 பிசிக்கல் சிபியுவில் 8 விசிபியு போடுங்கள். குறுகிய டைமரில் ஹால்ட் ஆகி எழும்படி விட்டு, அஃபினிட்டியை (விசிபியு எந்தச் சிபியுவில் ஓடலாம் என்ற அமைப்பு) லூப்பில் மாற்றிக்கொண்டே இருங்கள். ஷெட்யூலருக்குள் கன்சோல் பிரிண்ட் போடாதீர்கள். அந்தத் தாமதமே ரேஸை (நேர வரிசையால் வரும் பிழையை) மறைத்துவிடும். சிபியுவுக்கு ஒன்றாக டிரேஸ் பஃபர் வைத்து, உறைந்த பிறகு படியுங்கள்.