சீத்தாப்பழம் ஒரு பக்கம் சூம்பிப்போவது ஏன்?

கேள்வி: என் சீத்தா மரங்கள் நன்றாகப் பூக்கின்றன. ஆனால் பழங்கள் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகிவிடுகின்றன. பலாவிலும் சுளை குறைந்து சடையே மிகுதி. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்துத் தெளிப்பானை இப்போதைக்குத் தொடாதீர்கள். கோணலான பழம் ஒன்றை நீள வாக்கில் வெட்டிப் பாருங்கள். புழுத்துளையோ அழுகலோ இல்லாமல், சூம்பிய பக்கத்தில் விதையும் இல்லையென்றால் இது நோய் அல்ல, மகரந்தப் பற்றாக்குறை.

சீத்தா ஒரு திரள்கனி. ஒரே பூவுக்குள் பல சூலகங்கள் (பூவின் பெண் பகுதிகள்) தனித்தனியே இருந்து, வளரும்போது ஒட்டிக்கொள்கின்றன. தோலில் தெரியும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு குட்டிக் கனி. அதற்குரிய சூல்முடியில், அதாவது சூலகத்தின் நுனியில், மகரந்தம் விழுந்தால்தான் அது பருக்கும். விழாத இடம் பள்ளமாக நின்றுவிடும்.

சிக்கல் என்னவென்றால், சீத்தாப்பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகே ஆணாகிறது. தன் மகரந்தம் உதிரும் நேரத்தில் அதன் சூல்முடி காய்ந்திருக்கும். மகரந்தத்தைச் சுமந்து வருபவை தேனீக்கள் அல்ல, மிகச் சிறிய வண்டுகள். பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த வண்டுகளைத்தான் கொல்கிறோம். இதைப் பலரும் அறியாமல் செய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம். இதழ்கள் அகல விரிந்து தூள் உதிர்க்கும் பூக்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்துத் தட்டி எடுங்கள். இதழ் நுனி சற்றே பிரிந்து, உள்ளே சூல்முடி ஈரமாக மினுங்கும் பூக்களில் மென்தூரிகையால், வெயில் ஏறுமுன் தடவுங்கள். தூரிகை சுற்றிலும் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் மறுபடியும் கோணல்தான். வறண்ட காற்றில் சூல்முடி விரைவில் காய்வதால், மண்ணில் மூடாக்கும் (காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றின் பரப்பு) ஈரமும் இருப்பது நல்லது.

பலாவின் கதை சற்று வேறு. அது கூட்டுக்கனி: பல பூக்கள் கொண்ட ஒரு மஞ்சரி முழுவதும் ஒரே பழமாகிறது. ஒரு சுளை, ஒரு பூ. கருவுறாத பூக்களே சடையாகின்றன. கருத்து உதிரும் சிறு பிஞ்சுகள் பெரும்பாலும் மகரந்தம் தந்து முடித்த ஆண் மஞ்சரிகள். அவற்றை நோய் என்று நினைத்து முன்கூட்டியே வெட்டியிருந்தால், இனி விட்டுவிடுங்கள்.

அன்னாசியும் கூட்டுக்கனிதான், ஆனால் அது மகரந்தம் இல்லாமலே பருக்கும். எனவே அதைப் பார்த்து இவற்றுக்கும் மகரந்தம் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த பூப்பில் ஒரு மரத்தில் மட்டும் கையால் சேர்த்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.