செத்த செல் திரும்பாது, சரி, பேச்சு எப்படித் திரும்பியது?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. மூளையில் செத்த செல் மறுபடி முளைக்காது என்கிறார்கள். ஆனால் பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கைதான் தேறவில்லை, மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்குகிறார். ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதானா?

பதில்: செத்த செல் செத்ததுதான். ஆனால் ரத்தம் நின்றுபோன இடத்தைச் சுற்றி, சாகாமல் வீக்கத்தில் முடங்கிக் கிடந்த செல்களும் இருக்கும், வீக்கம் வடிந்ததும் அவை வேலைக்குத் திரும்பிவிடும். முதல் சில வாரங்களில் மளமளவென்று முன்னேற்றம் தெரிய இதுவும் ஒரு காரணம். அப்புறம் அக்கம்பக்கத்து நரம்பணுக்கள் புதுக் கிளை விட்டு, சும்மா கிடந்த பழைய இணைப்புகளையும் உசுப்பி, போனவற்றின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன. பேச்சென்றால் மூளையின் வலது பாதியும் சில சமயம் கைகொடுக்கும்.

ஆனால் மூளை, புழங்குகிற உறுப்புக்குத்தான் இடம் ஒதுக்கும். 1996இல் ராண்டால்ஃப் நூடோ என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர், கையை இயக்கும் மூளைப் பகுதியில் சிறு காயம்பட்ட குரங்குகளை, அந்தக் கையாலேயே சின்னக் குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கினார்கள். பழகிய குரங்குகளில் கைக்கான இடம் தப்பியது, சிலவற்றில் முழங்கை, தோளுக்கான இடத்துக்குள்ளும் பரவியது. பழக்காமல் விட்டவற்றில் மிச்சமிருந்த இடமும் சுருங்கிப்போனது.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆரம்பத்தில் அப்பா வலது கையை நீட்டிப் பார்த்திருப்பார், வரவில்லை, இடது கை முந்திக்கொண்டது, நீங்களும் ஓடி வந்தீர்கள். இப்படியே போனால் ‘இந்தக் கை வேண்டாம்’ என்று மூளை பழகிவிடும். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதைப் பிடித்துக்கொண்டுதான், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையை மணிக்கணக்கில் வேலை வாங்கும் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். 2006இல் வெளியான பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். இரண்டே வாரப் பயிற்சி, பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது அசைந்தவர்களைத்தான் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு இது பொருந்துமா என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்லட்டும். நீங்களாக உறை மாட்டிவிடாதீர்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்த ஒரு கைதான் இருக்கிறது. இன்றைக்கே செய்யக்கூடியது, அவர் சட்டை பட்டனுக்கு நீங்கள் போகாமல் இருப்பது. நீங்கள் போட்டால் அரை நிமிடம், அவர் போட்டால் பத்து நிமிடமாகும், பாதியில் எரிச்சல்படுவார், ஒரு பட்டன் மாறியும் போகும். இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.